மார்லிஸின் விமானம் வலப்பக்கம் சாய்ந்த கதை

மார்லிஸ் டோலஃப்சன் வீட்டிலேயே விமானம் கட்டப்போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று, அவள் கட்டி முடிக்கமாட்டாள் என்று காபிக் கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடம் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவன் என்பதால், எங்கள் பக்கத்தில் ஆகாய விவகாரம் எதுவானாலும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். அந்த மிதப்பில் சொன்னது. வால் பகுதியை மட்டும் கட்டி முடித்து, அதைக் கார் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டு, அதற்குக் கீழேயே வயதாகிப்போன ஆண்களை மினசோட்டா முழுக்கப் பார்த்திருக்கிறேன். இவளோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வீட்டில் அறுபது கறவை மாடுகள். இவளுக்கு எங்கே நேரம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

நேரத்தை அவள் இப்படிப் பிடித்தாள். காலை நாலரைக்குப் பால் கறப்பு. ஆறரைக்குப் பேருந்து. ஒன்பதிலிருந்து இரண்டரை வரை டிராக்டர் கொட்டகையில் விமானம். மறுபடி பேருந்து, மறுபடி பால். வெளியே எச்சில் துப்பினால் தரையைத் தொடுமுன் உறையும் ஜனவரியிலும், ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பை வைத்துக்கொண்டு அலுமினியத் தகட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் இப்படிப் போனது.

அவள் கணவன் ஓரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் கதவை அடைத்து நிற்பான். ஆனால் வாயிலிருந்து வார்த்தை வருவது அபூர்வம். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் அடிக்க, உள்ளேயிருந்து ஒருவர் இரும்புக் கட்டியை அண்டக் கொடுக்க வேண்டும். மார்லிஸ் அடித்தாள், ஓரின் அண்டக் கொடுத்தான். அந்த விமானத்தில் பதின்மூன்றாயிரம் ரிவெட்டுகள். முதுகில் அறுவைச் சிகிச்சை ஆன மனிதன், இறக்கைக்குள் தோள்வரை கையை நுழைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட 'இன்னும் எத்தனை?' என்று கேட்டதில்லை. மார்லிஸே என்னிடம் சொன்னது இது.

எதற்காக இவ்வளவு பாடு என்றால், அந்த முதுகுக்காகத்தான். அவர்களுடைய ஒரே மகள் பிரிட்டா, வயோமிங்கில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். காரில் போனால் பத்து மணி நேரம். ஓரினால் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. உட்கார முடிந்தாலும், கறவை மாடு வைத்திருப்பவனுக்கு ஊரை விட்டுப் போகும் யோகம் கிடையாது. பேத்திக்கு நாலு வயதாகிவிட்டது. அவளை ஓரின் போன் திரையில்தான் பார்த்திருந்தான். மாடுகளை விற்கிற வருடத்தில் விமானமும் தயாராக இருக்கவேண்டும், நடுவில் ஓர் இடத்தில் இறங்கிக் காலை நீட்டிக்கொண்டு நாலு மணி நேரத்தில் போய்விட வேண்டும் என்பது மார்லிஸின் கணக்கு. கல்யாணத்துக்கு முன்பே விமானம் ஓட்டும் உரிமம் வாங்கியவள் அவள். மாடுகள் வந்தபிறகு அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

கட்டி முடித்து, ஊர் விமான நிலையத்தில் ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோனதும் அரசு ஆய்வாளர் வந்தார். ஒரு நாள் முழுக்க விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். முதல் நாற்பது மணி நேரம் சோதனைப் பறத்தல். அதுவரை ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஆள் ஏறக்கூடாது.

"உள்ள கட்டியப் பிடிச்சவனும் வேற ஆள்தானா?" என்று ஓரின் கேட்டான்.

"அவரும் வேற ஆள்தான்" என்றார் ஆய்வாளர்.

"சரி" என்றான் ஓரின். அந்த மாதம் அவன் அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

முதல் பறத்தல் செப்டம்பரில், சோளம் காய்ந்து நிற்கும்போது. ஏழெட்டுப் பேர் ஓடுபாதை ஓரம் நின்றோம்.  ஓரின் பிக்கப் வண்டியின் பின்பலகையில் ஒரு கையில் வானொலிப் பெட்டியும் மடியில் ஒரு நோட்டுமாக உட்கார்ந்திருந்தான். பசுக்களின் சினைக் கணக்கு எழுதும் நோட்டு அது. மார்லிஸ் மேலேயிருந்து எண்ணெய்ச் சூடு, சிலிண்டர் சூடு, வேகம் என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல, இவன் 'பசுவின் பெயர்' என்று அச்சிட்ட பத்தியில் சிலிண்டர் எண்ணையும், 'பால் அளவு' என்ற பத்தியில் சூட்டையும் எழுதிக்கொண்டே போனான். இருபது நிமிடம் கழித்து அவள் இறங்கியபோது கைதட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஆர்வின் என்கிற கிழவன் மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மோசமில்லை" என்றான்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மனதில் இருப்பதைச் சொல்வது இங்கே கெட்ட பழக்கம். விருந்துக்குப் போனால் தின்பண்டத்தை இரண்டு தடவை வேண்டாம் என்று மறுத்துவிட்டு மூன்றாவது தடவைதான் எடுக்க வேண்டும். கால் முறிந்து கிடப்பவனும் 'பரவாயில்லை' என்பான். என் அம்மா நியூ ஜெர்சிக்காரி. அதனால் எனக்கு இந்த நாசூக்கு ஒட்டவேயில்லை. எழுபத்தொரு வயதிலும் வாயைத் திறந்து பேசிவிட்டு நாலு பேர் முகம் சுளிக்க நிற்கிறேன்.

அந்தக் குளிர்காலமும் வசந்தமும் மார்லிஸ் செய்த சோதனையைப் பார்த்துத்தான் நான் அவளிடம் தோற்றேன். நானாக இருந்தால் நாற்பது மணி நேரத்தைச் சும்மா சுற்றியே கழித்திருப்பேன். அவள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வேலை வைத்திருந்தாள். வேகம் காட்டும் முள் உண்மை பேசுகிறதா என்று பார்க்க, ஒன்றுக்கொன்று ஒன்பது மைல் தள்ளி நிற்கும் இரண்டு தானியக் கோபுரங்களுக்கு நடுவே போகவும் வரவுமாகப் பறந்து நேரம் பிடித்தாள். முள் நாலு மைல் கூட்டிச் சொல்கிறது என்று கண்டுபிடித்தாள். இருக்கைக்குப் பின்னால் உப்பு மூட்டைகளைக் கட்டி, ஒவ்வொரு மூட்டையாகக் கூட்டி, பாரம் ஏறினால் எந்த வேகத்தில் இறக்கை கைவிடுகிறது என்று உயரத்தில் போய்ப் பார்த்தாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பனிமழையில நாப்பது பிள்ளைங்களோட பஸ் ஓட்டிப் பாருங்க, அப்புறம் கேளுங்க" என்றாள்.

மூன்றாவது சிலிண்டர் மட்டும் எப்போதும் சூடேறியது. நான் கார்புரேட்டர் என்றேன். இன்னொருவன் தீப்பொறி என்றான். ஓரின் நோட்டைப் புரட்டிவிட்டு, "மூணாவதுக்குக் காத்து போகல" என்றான். இஞ்சின் மூடிக்குள் ஒரு விளக்கை வைத்துவிட்டுக் கொட்டகைக் கதவை மூடச் சொன்னான். இருட்டில் ஒரு மூலையில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது. குளிர்காற்று சிலிண்டருக்குப் போகாமல் அந்த வழியாகத் தப்பித்துக்கொண்டிருந்தது. சிவப்பு சிலிக்கான் பசையைப் பூசி அடைத்தார்கள். மறுநாள் முப்பது டிகிரி குறைந்திருந்தது. தொழுவத்தில் அறுபது மாடுகளில் ஒன்று தீனியைக் குறைத்தால் கண்டுபிடிக்கிறவனுக்கு நாலு சிலிண்டர் எம்மாத்திரம்.

விமானத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஸ்டிக் என்கிற ஓட்டும் கம்பியிலிருந்து கையை எடுத்தால் இடப்பக்கம் சாய்ந்தது. எல்லா வீட்டு விமானங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு கோணல் இருக்கும். இறக்கையின் பின்னால் அசைகிற மடல் ஒன்று உண்டு. எதிர்ப்பக்க இறக்கையின் மடலை எடுத்துக்கொண்டு, அதன் ஓரத்தை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து, ஒரு முடி அளவு அமுக்கினால் போதும். அமுக்கியது கண்ணுக்கே தெரியாது. ஆனால் விமானத்துக்குத் தெரியும். அதிகமாக அமுக்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு. மார்லிஸ் அமுக்கினாள், பறந்தாள், இறங்கினாள், மறுபடி அமுக்கினாள். ஆறு வாரம். கடைசியில் ஒருநாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பறந்தாளாம். விமானம் ரயில்போல நேராகப் போனதாம்.

அப்போது நானும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த நாற்பது மணி நேரமும், மார்லிஸ் உட்கார்ந்த இடது இருக்கைக்குப் பக்கத்தில் வலது இருக்கை காலியாக இருந்தது.

ஏப்ரலில் மாடுகளை விற்றார்கள். ஜூன் முதல் சனிக்கிழமை ஓரின் ஏறினான். ஏறுவதற்கு முன் கால்நடைச் சந்தைத் தராசில் நின்று எடை பார்த்து, இருநூற்று ஐம்பத்தெட்டு பவுண்டு என்று சீட்டு வாங்கி வந்து கொடுத்தான். மார்லிஸ் நூற்று நாற்பது இருப்பாள். நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு வந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டோம். "மோசமில்லை" என்றான் ஓரின். நான் சந்தோஷப்பட்டேன். முட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வேலியில் வேலை என்றான். அதற்கடுத்தது முட்டிவலி. அதற்கடுத்த வாரம் தொழுவத்துக்கு வெள்ளையடிக்கிறேன் என்றான். மாடே இல்லாத தொழுவத்துக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா? விமானக் கொட்டகையில் சனிக்கிழமை காபிக்கு வந்தால் ஓரமாக நின்றான். ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டைப் போட்டுச் சுட்ட இனிப்புத் துண்டுகளை ஆர்வினின் மனைவி மூன்றாவது தடவை நீட்டியபோதும் வேண்டாம் என்றான். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஊரில் அப்படி நடந்ததேயில்லை.

ஜூலை நடுவில் விமான நிலைய அறிவிப்புப் பலகையில் மார்லிஸின் கையெழுத்தில் ஒரு சீட்டு. விமானம் விற்பனைக்கு. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்த அவள் விமானக் கொட்டகைக்குப் போனேன். இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கூத்து?"

"ஐயோவாலேர்ந்து ஒருத்தர் வந்து பாக்கறேன்னிருக்காரு. செவ்வாக்கிழமை."

"ஒம்பது வருஷம் கட்டினது எவனோ ஓட்டவா?"

"ஓரினுக்குப் பயமா இருக்கு, வெண்டல். அன்னிக்குப் பூரா என் மேலயே சாஞ்சு உக்காந்திருந்தான். நாப்பது நிமிஷமும். பாவம், தோள் நடுங்கிச்சு."

"அவன் சொன்னானா, பயம்னு?"

"அவன் எப்ப எதைச் சொல்லியிருக்கான்?"

"நீ கேட்டியா?"

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவான். அப்புறம் எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு வயோமிங் வரைக்கும் உக்காந்து வருவான். அது எனக்கு வேணாம். இது இங்க நின்னுக்கிட்டே இருந்தா, என்னிக்காவது ஏறணுமேன்னு அவனுக்கு உறுத்தும். போகட்டும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். என் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் பண்ணைக்குப் போனேன்.

ஓரின் தொழுவத்தில் ஏணிமேல் இருந்தான். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தான். அதையும் நான் அப்போதுதான் பார்த்தேன்.

"யோவ், இறங்கு. மார்லிஸ் விமானத்தை விக்கிறா, தெரியுமா?"

இறங்கினான். தெரியாது என்று முகமே சொன்னது.

"உனக்குப் பயம்ங்கறா. அவ மேல சாஞ்சு நடுங்கினியாம்."

"பயமா?" ஓரின் தூரிகையைக் கீழே வைத்தான். "ஒவ்வொரு ரிவெட்டுக்கும் பின்னாடி நான்தான்யா நின்னேன். எனக்கென்ன பயம்?"

"பின்ன எதுக்கு ஏற மாட்டேங்கற?"

சுவரை விரலால் தொட்டுப் பார்த்தான். சுண்ணாம்பு உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பவன் மாதிரி. பிறகு சொன்னான். "நான் ஏறினதும் அது என் பக்கமா சாஞ்சிருச்சு, வெண்டல். அவ தனியா இருக்கறப்ப நேரா போச்சு. நோட்டுல நான்தானே எழுதினேன். நான் உக்காந்ததும் வலது இறக்கை இறங்கிருச்சு. அவ ரெண்டு கையாலயும் ஸ்டிக்கப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வந்தா. விரலெல்லாம் வெளுத்துப்போச்சு. ஒண்ணும் சொல்லல. அதான் நான் இடப்பக்கமா சாஞ்சு சாஞ்சு உக்காந்தேன். எடைய அந்தப் பக்கம் தள்ளலாம்னு. இந்த முதுகோட நாப்பது நிமிஷம் அப்படி உக்காந்தா நடுங்காதா?"

என் கண் அவன் பெல்ட்டுக்குப் போனது. 

"இருபத்திரண்டு பவுண்டு குறைச்சிருக்கேன்" என்றான். "அவ எடைக்கு வந்துட்டா சரியாயிரும்."

"நூத்தி நாப்பதுக்கா? உன் எலும்பே அவ்வளவு இருக்கும்யா!" கத்திவிட்டேன். கத்தியதில் ஏணிமேல் இருந்த சுண்ணாம்பு டப்பா ஆடியது. "உன்னால சாயலடா, மடையா. நீ இல்லாம சரிபண்ணினதால சாயுது. நாப்பது மணி நேரம் அவ ஒரு ஆளு எடைக்கு அதைச் சீர்பண்ணினா. நீ உக்காந்தா அது வேற விமானம். மறுபடி சீர்பண்ணணும். அவ்வளவுதான். வண்டில ஏறு."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஆத்திரத்தில் பாதி என்மேல்தான். முப்பத்தெட்டு வருடம் ஒற்றை இருக்கை விமானத்தில் தனியாகவே பறந்தவன், பக்கத்தில் ஓர் ஆள் உட்காருவான் என்பதை யோசிக்கவேயில்லை. மார்லிஸ் யோசித்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. வலது இருக்கையில் மூட்டையைக் கட்டினால் அது நழுவி அங்கேயுள்ள ஸ்டிக்கை முட்டிவிடும் என்று பயந்து, ஓரின் ஏறியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள். அன்றைக்கு வலது இறக்கைத் தொட்டியின் பெட்ரோலையே எரித்து அந்தப் பக்கப் பாரத்தைக் குறைத்துப் பார்த்தும் சாய்வு போகவில்லை. அடுத்த தடவை மடலை அமுக்கிச் சரிசெய்யலாம் என்று இருந்தாள். சாய்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் இன்னும் பயந்துவிடுவான் என்று அவனிடம் மூச்சுவிடவில்லை. அந்த அடுத்த தடவைதான் வரவேயில்லை.

கொட்டகையில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினேன். "சொல்லு" என்றேன் ஓரினிடம்.

ஓரின் காலால் தரையைத் தேய்த்தான். "சாஞ்சது பயத்துல இல்ல" என்றான். "பேலன்ஸுக்கு."

மார்லிஸ் அவனைப் பார்த்தாள். அவன் பெல்ட்டைப் பார்த்தாள். "அதுக்குத்தான் சாப்பிடலையா?"

தலையாட்டினான்.

அவள் விமானச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது. ஓரின் பக்கத்தில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், இஞ்சின் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினான். கண்ணைத் துடைத்தபோது கன்னமெல்லாம் கறுப்பு எண்ணெய். நான் காபி போடுகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

ஐயோவாக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார்கள். அன்றைக்கும் மறுநாளுமாக ஒன்பது தடவை பறந்தார்கள். இந்தத் தடவை ஓரின் பிக்கப் வண்டியில் இல்லை. வலது இருக்கையில், முட்டியில் மாட்டு நோட்டை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இறங்குவார்கள், மார்லிஸ் மரக்கட்டையை வைத்து இடது மடலை ஒரு முடி அமுக்குவாள், ஓரின் அதைக் குறித்துக்கொள்வான், மறுபடி ஏறுவார்கள். ஒன்பதாவது தடவை மேலே போய் மார்லிஸ் இரண்டு கையையும் எடுத்தாள். இறக்கை எந்தப் பக்கமும் போகவில்லை. 'குறிப்பு' என்ற பத்தியில் ஓரின் 'நேர்' என்று எழுதினான்.

"இனிமே உன் எடை இருநூத்தி முப்பத்தாறு" என்றாள் மார்லிஸ் இறங்கியதும். "ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நீ இப்ப இதோட ஒரு உறுப்பு."

ஆகஸ்டில் வயோமிங் போனார்கள். பேத்தி ஓடுபாதை வேலியோரம் நின்றிருந்தாளாம். போனில் பார்த்த தாத்தா இவ்வளவு பெரியவராக இருப்பார் என்று அவள் நினைக்கவில்லையாம். அம்மா காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். பத்து நிமிடத்தில் ஓரினின் தோளில் ஏறிவிட்டாள். திரும்பி வந்தபிறகு சனிக்கிழமைக் காபியில் ஓரின் இதையெல்லாம் அரைமணி நேரம் பேசினான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஒரு தடவை, மார்லிஸ் தனியாகப் பறந்துவிட்டு இறங்கினாள். வலது இருக்கை காலி என்பதால் விமானம் இப்போது முன்னைவிட மோசமாக இடப்பக்கம் சாய்கிறது. ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்கவே முடியாது. இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகப் போவதுதான் அதிகம், கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுவில் வைத்தால் இரண்டுக்கும் பாதிப்பாதி தாங்கும், அரைமணி நேர வேலை, நானே செய்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாம், வெண்டல்" என்றாள். "அவன் இல்லாதப்ப சாயட்டும்."